வவுணதீவுப் பெண்ணை முன்னேற்றுவது எப்படி?

வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் இங்கே எழுந்து அங்கே படுகிறது. பெண்களின் சுயதொழிலை வளர்க்கும் திட்டங்களுக்கும் அதே பாதைதான். காலையில் நகரத்தில் எழும்பி, ஏசி பூட்டிய வானில் பாலத்தைக் கடந்து, வெயில் சாய்வதற்குள் வவுணதீவில் படுத்துவிடுகின்றன.

ஒரு திட்டத்தைச் சரியாக நடத்துவது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனத்தார், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் மாமன்மார், ஊரிலேயே இருந்துகொண்டு "நம்மட பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேணும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லாருக்கும் உதவும்படி இந்தக் குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன். தொழில் செய்யும் பெண்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேலை கிடக்கிறது.

எப்போது போவது

முதலில் நல்ல நாள் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பர் உத்தமம். வடகீழ்ப் பருவமழை கொட்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கும். உள்ளூர் வீதிகள் தண்ணீருக்குள் போகும். பாய் இழைக்கும் பன் காயாது, மிளகாய் காயாது, அரிசி மாவும் காயாது. ஆனால் டிசம்பர் 31இல் நிதியாண்டு முடிகிறது, கையில் இருக்கும் பணத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். ஆகவே "உலர் உணவு உற்பத்தி" என்ற இரண்டு நாள் செயலமர்வை அடைமழைக்குள் வைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. சோற்றுப் பார்சலுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதை நகரத்துக் கடையில் எடுப்பதுதான் மரபு. வவுணதீவில் சமைத்து விற்கும் பெண்களிடம் எடுத்தால் அவர்கள் சமைக்கப் போய்விடுவார்கள். பிறகு பயிற்சிக்கு யார் வருவது?

அடுத்த நல்ல நாள் மார்ச் 8. சர்வதேச மகளிர் தினம். அந்த நேரம் பெரும்போக அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கும். ஊருக்குள் காசு புழங்குவது வருடத்தில் அந்தச் சில கிழமைகள்தான். ஒரு பெண் எதையாவது விற்று நாலு காசு பார்க்கக்கூடிய நாளில் அவரைக் கூப்பிட்டு, மண்டபத்தில் இருத்தி, பொன்னாடை போர்த்தி, அவரது பொருளாதாரப் பங்களிப்பைப் பாராட்டுங்கள்.

என்ன கொடுப்பது

இதற்கு நீண்ட ஆய்வு தேவையில்லை. தையல் இயந்திரம் அல்லது கோழிக்குஞ்சு.

தையல் இயந்திரம் படத்தில் நன்றாக வரும். ஒரு கிராமத்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால் அவர் தையற்காரி ஆகிவிடும் அபாயம் உண்டு. ஊரில் உள்ள சட்டைத் துணியெல்லாம் அவரிடம் போய்ச் சேரும். எனவே இருபது பேருக்குக் கொடுங்கள். இருபது பேரும் ஒருவருக்கொருவர் தைத்துக்கொள்ளட்டும். காத்தான்குடிக் கடையில் தொங்கும் ஆயத்த ஆடையின் விலைக்குக் கீழே அவர்களால் தைக்க முடியுமா என்ற கேள்வி யாருக்காவது வந்தால், அது அடுத்த கட்டத் திட்டத்துக்கு உரியது என்று குறித்துவையுங்கள்.

கோழிக்குஞ்சிலும் இதே முறைதான். இருபத்தைந்து வீட்டுக்கு ஒரே நாளில் பத்துப் பத்துக் குஞ்சு. ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து இருபத்தைந்து வீட்டிலும் ஒரே காலத்தில் முட்டை. பக்கத்து வீட்டுக்கு விற்கலாம் என்றால் அங்கேயும் கோழி கொக்கரிக்கிறது. தீனிக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டும். முட்டைக்கு யாரும் காசு கொடுப்பதாயில்லை. கடைசியில் கோழிகள் குழம்பாகும். அப்போது "குடும்பப் போசாக்கு மேம்பட்டது" என்று அறிக்கையில் எழுதலாம். பொய்யும் இல்லை.

தேவை அறியும் படிவம் ஒன்று கட்டாயம் வேண்டும். வயது, கல்வி, மலசலகூடத்தின் வகை, கணவர் இருக்கிறாரா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று பதினான்கு பக்கம் கேளுங்கள். 2007இல் போரால் இடம்பெயர்ந்து போனபோது என்னென்ன இழந்தீர்கள் என்றும் கேளுங்கள். இதற்கு முன் எத்தனை பேர் அதையே கேட்டிருந்தாலும் பரவாயில்லை. "உங்கள் பொருளை இப்போது வாங்குவது யார், என்ன விலைக்கு, எப்போது காசு தருகிறார்?" என்ற கேள்வி மட்டும் படிவத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றைக் கேட்டால் மற்றப் பக்கங்கள் வீணாகிவிடும்.

எதைக் கற்றுக்கொடுப்பது

அவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே கற்றுக்கொடுங்கள். அப்போதுதான் பயிற்சி வெற்றி பெறும்.

தயிரை எடுங்கள். படுவான்கரை மாட்டுக்கும் எருமைக்கும் பேர்போன இடம். பாலைக் காய்ச்சி, கைப்பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறைமோர் கலந்து, மண்சட்டியில் ஊற்றி வைக்கிறார்கள். சுட்ட மண் தண்ணீரை மெல்ல உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இறுகி நிற்கிறது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் என்று மட்டக்களப்பான் வெளியூரில் போய்ப் பெருமை பேசுவது இந்தச் சட்டியை நம்பித்தான். மாரியில் எத்தனை மணித்தியாலம் கூடுதலாக வைக்க வேண்டும், வெயில் நாளில் உறைமோரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் விரல் நுனிக்குத் தெரியும். அவருடைய அம்மாவின் விரலுக்கும் தெரிந்திருந்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் கொழும்பிலிருந்து ஒரு வளவாளரை அழைத்துவர வேண்டும். அவர் வாழ்நாளில் ஒரு சட்டி தயிர் விற்றிருக்கக் கூடாது. "நவீன பொதியிடல்" என்று திரையில் காட்டி, மண்சட்டி சுகாதாரமற்றது, பிளாஸ்டிக் கப்தான் எதிர்காலம் என்று அவர் சொல்வார். கப்பில் ஊற்றிய தயிர் தண்ணீர் விட்டு நிற்கும். அதற்கு ஜெலட்டின் சேர்க்கலாம் என்று இரண்டாம் நாள் பயிற்சியில் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஊர்க் குயவனின் பிழைப்பைப் பற்றி மூன்றாம் நாள் யோசிக்கலாம்; பயிற்சிதான் இரண்டு நாளாயிற்றே.

தயிர்க்காரியின் உண்மையான தொல்லை வேறொன்று. சட்டி திரும்பி வருவதில்லை. "சட்டியை நாளைக்குக் குடுத்து விடுறன்" என்று சொல்லி வாங்கிப்போகும் நகரத்து வீடுகளில் அது பூந்தொட்டியாகிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரமாகிறது. சட்டியும் காசு கொடுத்து வாங்கியதுதான். இதைப் பற்றி எந்தச் செயலமர்வும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நடந்தால் அழைக்கப்பட வேண்டியவர்கள் நாங்கள், எழுவான்கரைக்காரர்.

கடன் கொடுக்கும் கலை

இது சற்று நுட்பமான பகுதி. பொறுமையாகப் படிக்க வேண்டும்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. தாய்வழிக் குடிமுறை, சீதன வீடு, கல்யாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பது எல்லாம் இங்கே நெடுங்கால வழக்கம். உலகத்தார் பெண்களின் சொத்துரிமையைப் பற்றி மாநாடு கூட்டுவதற்கு முன்பே எங்கள் பாட்டிமாருக்குச் சொந்தமாகக் கூரை இருந்தது. இதைக் கேள்விப்பட்டு நீங்கள் மலைத்துப்போகக் கூடாது. அதற்கு மாற்று மருந்து உண்டு. படுவான்கரையின் குடியேற்றக் காணிகள் பல, அரசாங்க உத்தரவுப் பத்திரத்தில் இருப்பவை. அதற்கான காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. அதன் உரித்து அட்டவணையில் மகனுக்குப் பிறகுதான் மகள். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். உத்தரவுப் பத்திரக் காணியை நினைத்தபடி ஈடு வைக்கவும் முடியாது. எனவே வங்கிக்குப் போனால், இரண்டு அரச ஊழியரைப் பிணை நிறுத்தச் சொல்வார்கள். வீடு அவளுடையது, நிலம் அரசாங்கத்துடையது, கையெழுத்து அரச ஊழியருடையது. பன்பாய் இழைக்கும் ஒரு பெண்ணுக்குத் தெரிந்த அரச ஊழியர் யார்? கிராம உத்தியோகத்தரும் பிள்ளையின் ரீச்சரும். இருவரும் ஏற்கெனவே நாலு பேருக்குப் பிணை நின்று வெந்துபோனவர்கள்.

அவளை அங்கே களைக்கவிட்டு, பிறகு வீட்டு வாசலுக்கே கடன் கொண்டு போங்கள். பிணை வேண்டாம், ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும் என்று சொல்லுங்கள். 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் 27 டொலரை 42 பேருக்குக் கொடுத்துத் தொடங்கிய கதையை உருக்கமாகச் சொல்லலாம். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததையும் சொல்லலாம். உங்கள் வட்டியை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஐம்பதாயிரம் ரூபா, வருடத்துக்கு 24 வீதம். கேட்க நியாயமாக இருக்கும். 52 கிழமையில் 62,000 திரும்ப வேண்டும். கிழமைக்கு 1,192 ரூபாவும் சில்லறையும். ஆறு மாதம் போனால் கடனில் பாதிதான் அவள் கையில் மிஞ்சியிருக்கும். வட்டியோ கடைசிக் கிழமைவரை முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துபோகும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் 24 என்று சொன்னது 40ஐத் தாண்டிவிடும். நிதி முகாமைத்துவப் பயிற்சியில் வரவு செலவுக் கொப்பி எழுதப் பழக்குங்கள். இந்தக் கணக்கைப் பழக்க வேண்டாம்.

இன்னொன்று. பன் வெட்டுவதும் காய்வதும் சாயம் ஏற்றுவதும் வானத்தைப் பார்த்து நடக்கும் வேலை. இழைத்த பாய் விற்பதற்கு வருடப் பிறப்போ, ஆயித்தியமலை மாதா திருவிழாவோ, ஏதாவது ஒரு கூட்டம் வர வேண்டும். கட்டுக்காசு மட்டும் கிழமை தவறாமல் வர வேண்டும். அதனால் முதல் கடனைக் கட்ட இரண்டாவது கம்பனியிலும், இரண்டாவதைக் கட்ட மூன்றாவதிலும் அவள் கடன் எடுப்பாள். இதை "நிதிச் சேவைகளின் பரவல்" என்று குறிப்பிடுங்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரையும் அவள் வாசலில் உட்கார வையுங்கள். இதுவரை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் உறைமோர் கொடுத்து வாங்கியவர்கள், இனிக் கணக்குக் கொடுத்து வாங்குவார்கள்.

இந்த முறை எவ்வளவு சிறப்பாக வேலை செய்தது என்பதற்குச் சான்று வேண்டுமா? 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை இருந்தால்தான் தள்ளுபடி என்பது நிபந்தனை; காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்து ஒழுங்காகக் கட்டிவந்தவளுக்கு அவளுடைய நேர்மையே பரிசு. மூன்று வருடம் கழித்து, 2021 மார்ச் 8ஆம் திகதி, பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் இருக்கத் தொடங்கினார்கள். ஐம்பது நாளுக்கு மேல் வீதியோரம் இருந்தார்கள். அந்த மகளிர் தினத்தில் அவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

பெயர்ப்பலகை

கடைக்குப் பலகை வைக்கும்போது உதவியவர்களின் இலச்சினைகளைப் பெரிதாகப் போடுங்கள். ஐந்தாறு இலச்சினை போட்ட பிறகு இடம் மிஞ்சினால் கடையின் பெயரைப் போடலாம். விற்பனைப் பொருள் என்ன என்பதை ஊரார் எப்படியும் அறிவார்கள்.

முதல் போத்தல் ஊறுகாய் போடுமுன்பே அவளிடம் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் தேவையானதுதான், நான் மறுக்கவில்லை. ஒரே நாளில், ஒரே மேசையில் முடித்துக்கொடுக்க மட்டும் முயலாதீர்கள். பாவற்கொடிச்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவளுக்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும் ஓர் அனுபவம்தானே.

சொந்தக்காரர் செய்ய வேண்டியது

ஊரில் இருந்தபடியே பெண் முயற்சியாளரை ஆதரிக்க விரும்புவோருக்குச் சுலபமான வழி இருக்கிறது. கடனுக்கு வாங்குங்கள்.

"மச்சாள், பயற்றம் உருண்டை ஒரு ஐம்பது வேணும். சாமத்திய வீடு."

"எப்ப வேணும் மச்சாள்?"

"வெள்ளிக்கு. காசு மறுகா தாறன், என்ன?"

வெள்ளி போகும், சாமத்திய வீடு முடியும், வீடியோ வரும். மச்சாளிடம் காசு கேட்க அவளுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் வவுணதீவின் பாதிச் சிறுதொழில்களின் முதல் முடங்கிக் கிடக்கிறது என்று ஒரு பொருளியல் அறிஞர் எழுதினால் நான் நம்புவேன். அதே மச்சாள் நகரத்து பேக்கரியில் கேக்குக்கு முழுக் காசும் முன்பணமாகக் கட்டி, பற்றுச்சீட்டையும் பத்திரமாகக் கைப்பையில் வைத்திருப்பாள். நமக்குள்ளே எதற்கு முன்பணம்!

நகரத்திலிருந்து போகிறவர்கள் பேரம் பேசுங்கள். பன்பாயை விரித்துப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு? பிளாஸ்டிக் பாய் இதில பாதி விலைதானே" என்று சொல்லுங்கள். தண்ணீருக்குள் இறங்கி வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயத்தில் அவித்து, முதுகு வளைய இருந்து இழைத்த நாட்களை அவளும் சொல்ல மாட்டாள். முந்நூறு ரூபா குறைத்து வாங்கி, அதை முகநூலில் போட்டு, "உள்ளூர் உற்பத்தியை ஆதரிப்போம்" என்று எழுதுங்கள். வெளிநாட்டு மாமன்மார் இதற்கும் மேலே போகலாம். இரண்டு பாயை இலவசமாகக் கேட்டு வாங்கிப்போய், "அங்கே ஆட்களுக்குக் காட்டி ஓடர் எடுத்துத் தாறன் பிள்ளை" என்று சொல்லலாம். அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நகரத்துக் கடைக்காரர் என்றால், "வைச்சிட்டுப் போ, வித்தால் காசு" என்று சொல்லுங்கள். விற்றதா இல்லையா என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கட்டும்.

பின்பற்றக் கூடாத உதாரணங்கள்

சில இடங்களில் விதிமுறைகளை மீறியிருக்கிறார்கள். அவற்றையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது, தவிர்ப்பதற்காக.

1959 மார்ச்சில் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். தேவை அறியும் படிவம் இல்லை, தொடக்க விழா இல்லை. போட்ட அப்பளத்தைத் தெரிந்த ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய் விற்றார்கள். நட்டம் வந்தாலும் நன்கொடைக்குக் கை நீட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இப்படி ஆளாளுக்கு முடிவெடுத்தால் நன்கொடையாளர் எங்கே போவது? அந்த ஏழு பேர் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பள நிறுவனம். இன்று அதில் பல்லாயிரம் பெண்கள், எல்லாரும் பங்குதாரர். ஒரு நல்ல திட்ட முன்மொழிவு வீணாய்ப்போனதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

கிட்டத்தில், வடமாகாணத்தில், விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகங்கள். தெற்கில் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் நடப்பவற்றின் உறவு. அங்கே பெண்களுக்குத் தொழில் முனைவு பற்றி விரிவுரை செய்வதை விட்டுவிட்டு ஒரு சில்லறை வேலையைச் செய்துவிட்டார்கள்: சனம் போய்வருகிற வீதியில் நல்ல கட்டடம், தண்ணீர், அடுப்பு, கழுவுமிடம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி. ஒவ்வொருத்திக்கும் ஒரு அடுப்பு. தோசை ஒருத்தி, குரக்கன் பிட்டு ஒருத்தி, இலைக்கஞ்சி ஒருத்தி. வாங்குகிறவர் கண்முன்னே சமையல், கையோடு காசு. பஸ்ஸில் போகிறவர் யாருக்கும் அவர்கள் மச்சாள் முறை இல்லாததால் கடனும் இல்லை. பகல் நேரத்தில் அங்கே இடம் பிடிப்பதே கஷ்டம். வலையிறவுப் பாலத்தடியில் இப்படி ஒன்றைக் கட்டிவிடும் யோசனை உங்களுக்கு வந்தால், உடனே சாத்தியவள ஆய்வு ஒன்றை ஆரம்பியுங்கள். ஆய்வு முடிவதற்குள் யோசனை போய்விடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இவ்வளவும் செய்தும் எப்போதாவது ஒருத்தி முன்னேறிவிடுவாள். பயிற்சி தொடங்கும் நேரம் ஆள் வராது. உத்தியோகத்தர் போன் எடுப்பார்.

"சேர், இண்டைக்கு வர ஏலா. ஹோட்டல் ஒண்டில நாற்பது பாய் கேட்டு, பாதிக் காசு போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையள் மூண்டு பேரும் என்னோடதான் இழைக்கிறாங்க. அவங்களையும் பாக்காதீங்க."

"அப்ப உங்கட சேர்ட்டிபிகேட்?"

"அது வைங்க சேர், மறுகா எடுக்கிறன். போன முறை எடுத்த ரெண்டு பாய்க்கும் காசு அனுப்பி விடுங்க சேர், சாயம் வாங்கவேணும்."

பதற வேண்டாம். வரவுப் பதிவேட்டில் நாலு பேருடைய பெயருக்கும் நேரே "ஒத்துழைப்புப் போதாது" என்று எழுதி, சோற்றுப் பார்சலில் நாலைக் குறைத்து, அடுத்த கிராமத்தில் வேறு பயனாளிகளைத் தெரிவு செய்யுங்கள்.